ரிவர்ஸ் வராத நானும் பழைய ஸ்கூல் வேனும்

போன மாசி மாதம், கிள்ளைக்குப் பக்கத்தில் உப்பங்கழியோரம் நடந்தது இது. மாசிமகக் கூட்டம் கலைந்து ஒரு வாரம் இருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் வேனில் கடற்கரை ஓரமாகவே ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம்.

வேன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓடி ஓய்ந்த ஸ்கூல் வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன் வைத்துக்கொண்டோம். மஞ்சள் பெயின்ட்டை மாற்றவில்லை. வழியெல்லாம் பிள்ளைகள் எங்களுக்குக் கை காட்டின. ஓட்டியது நான்.

என் வீட்டுக்காரர் எனக்கு முறைப் பையன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. வாய் கொஞ்சம் குழறும். மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிச் சத்தத்தை வைத்தே, "கிளட்ச்ல கால வச்சுக்கினே ஓட்றான் பாரு" என்று திட்டுவார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஐம்பத்திரண்டு வயதில் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

லைசென்ஸும் வாங்கினேன். ஆனால் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ரிவர்ஸ் வராது. டெஸ்ட்டில் சின்னக் காரில் பத்தடி பின்னால் வந்து காட்டியதோடு சரி. கண்ணாடியைப் பார்த்தால் வலது இடது தலைகீழாகி, கை தானாகத் தப்புப் பக்கம் திருப்பும்.

புறப்படும்போது தெருவே சிரித்தது. "கடலூரு போயி சிதம்பரம் போவ ரெண்டு மணி நேரம். இதுக்கு அஞ்சு நாளு, கட்டிலு, அடுப்பு வேறயா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. மாமா அவளுக்குப் பதில் சொன்னார். "இந்த ரோட்டுல எத்தினியோ வாட்டி போயிருக்கேன். ஒரு வாட்டி கூட கடல பாத்ததில்ல. லோடு ஏத்துனவனுக்கு எறக்குற எடந்தான் தெரியும்." குழறிக் குழறி அவர் அதைச் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

திருவந்திபுரத்தில் சாமி கும்பிட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். தேவனாம்பட்டினத்தில் ஒரு ராத்திரி, சாமியார்பேட்டையில் சவுக்குத் தோப்பு ஓரம் ஒரு ராத்திரி, பரங்கிப்பேட்டையில் ஒரு ராத்திரி. காலையில் கதவைத் திறந்தால் கடல். மாமா கட்டிலில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பார். வண்டி நிறுத்துகிற இடத்தை மட்டும் அவர்தான் சொல்வார். "இங்க வேணாம், தள்ளிப் போ." இதென்ன வீம்பு என்று நினைத்துக்கொள்வேன்.

நான்காம் நாள் மத்தியானம் கிள்ளையைத் தாண்டினோம். போன் மேப்பில் பார்த்தால் கடல் வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு போனது. ரோடு என்று நினைத்துத் திருப்பினேன்.

"இது ரோடு மாரி தெரியலியே" என்றார் மாமா.

நான் கேட்கவில்லை. மூன்று நாள் ஒழுங்காக ஓட்டியதில் எனக்குத் தலை கனத்துப்போயிருந்தது.

அது ரோடு இல்லை. இறால் பண்ணைக் குட்டைக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் போட்ட மண் கரை. சக்கரத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரு முழம்கூட இல்லை. திருப்ப வழியில்லாமல் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டேன். அங்கே முன்னால் கரையையே வெட்டிப் போட்டிருந்தார்கள். மதகு கட்டத் தோண்டியது போலிருந்தது. இனி பின்னால் போனால்தான் உண்டு.

பத்தடி எடுத்திருப்பேன். இடது பின்சக்கரத்தடியில் மண் பொலபொலவென்று கழிக்குள் சரிந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி லேசாகச் சாய்ந்து நின்றது. சாய்ந்த பக்கம்தான் மாமா உட்கார்ந்திருந்தார். கவிழ்ந்தால் அவரால் நீந்த முடியாது, எழுந்திருக்கக்கூட முடியாது.

"மாமா, எனக்கு ரிவர்ஸ் வராது."

"தெரியும். கடலூர்லேர்ந்தே தெரியும்."

அப்போதுதான் புரிந்தது. மூன்று நாளும், பின்னால் எடுக்கவே தேவைப்படாத இடமாகப் பார்த்துப் பார்த்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மனிதர் அதைக் காட்டிக்கொள்ளவே இல்லை.

கழியில் மார்பளவுத் தண்ணீரில் நான்கு பெண்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி, அகப்பட்டதைக் கழுத்தில் தொங்குகிற ஓலைப் பறியில் போடுவார்கள். எங்கள் வண்டி சாய்ந்ததைப் பார்த்து நால்வரும் வந்தார்கள். தலையில் துண்டு கட்டியிருந்த அம்மாதான் முதலில் பேசியது.

"ஏன் யக்கா, எறாலுக்கு இஸ்கூலு நடத்த வந்தியா?"

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அந்தம்மா அதற்குள் கரைக்குக் கீழே குனிந்து, சக்கரத்தடி மண்ணைக் கையால் அழுத்திப் பார்த்தது.

"கடல் தண்ணி ஏறுது. ஏறுச்சுன்னா கர ஊறிப்போயி வண்டி நின்ன எடத்துலயே சாயும். இப்பவே எடுக்கணும். அண்ணன மொதல்ல தூக்கிடலாம், நாலு பேரு இருக்கோம்."

"நான் எறங்கல" என்றார் மாமா. "இந்தப் பக்கக் கண்ணாடிய யாரு பாப்பா?"

நான் கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. "ஓட்ற நீ உள்ள இருக்கிற இல்ல? நானும் இருக்கேன்" என்று முடித்துவிட்டார். பிறகு அந்தப் பெண்களிடம் ஜன்னல் வழியாக, லாரி கிளீனருக்குச் சொல்வது மாதிரி ஒரே ஒரு விஷயம் சொன்னார். "வண்டிய தட்டிக்கினே வாங்க. தட்டுற வரைக்கும் இவ வருவா. ஓங்கி ஒண்ணு போட்டா நின்னுடுவா. சத்தம் நின்னாலும் நின்னுடுவா."

இரண்டு பேர் குட்டைப் பக்கம், இரண்டு பேர் கழிப் பக்கம். தண்ணீருக்குள்ளேயே நடந்தார்கள். ஒரு கை கரை மண்ணில், ஒரு கை வண்டியில். அவர்கள் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்தே சொன்னார்கள். "இது களி, நிக்கும், வா." "இங்க பொதபொதன்னு கீது, அந்தாண்ட ஒடி." தட் தட் தட் என்று தகரத்தில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். ஸ்டியரிங் தப்பாகத் திரும்பும்போதெல்லாம் மாமா என்னைத் திட்டாமல், "இன்னும் கொஞ்சம் என் பக்கம்" என்று மட்டும் சொன்னார்.

நடுவில் ஒருமுறை ஓங்கி ஒரு தட்டு விழுந்தது. நின்றேன். கரையில் ஓரிடம் சரிந்து போயிருந்தது. அந்தம்மா இரண்டு கையாலும் களிமண்ணை அள்ளி அள்ளி அப்பி, முழங்கையால் இறுக்கி, மற்றவர்களையும் அப்பச் சொன்னது. தண்ணீர் ஏறி ஆழமாகிவிட்டால் அன்றைக்கு இனி அவர்களுக்கு இறால் கிடையாது. அதை யாரும் எங்களிடம் சொல்லிக்காட்டவில்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் தட் தட் தட்.

சக்கரம் தார் ரோட்டில் ஏறியதும் இன்ஜினை அணைத்தேன். மாமா சட்டையெல்லாம் வேர்வை. "பரவால்ல, டிரைவர் ஆயிட்ட" என்றார்.

வேனில் அடுப்பைப் பற்றவைத்து ஆறு டம்ளர் டீ போட்டேன். ஈரப் புடவையோடு எட்டி உள்ளே பார்த்த அந்தம்மா, "வூட்டயே ஓட்டிக்கினு வந்துட்டியா? நல்லதுதான். மாமியா வந்தா கியர போட்டுப் போயிடலாம்" என்றது. மாமாவுக்குப் புரையேறிவிட்டது.

"எப்டிம்மா கண்ணால பாக்காமலே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கலங்கல் தண்ணியில கண்ணு எதுக்கு? எங்களுக்குக் கைதான் யக்கா பாக்கும்" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பியது. அந்தக் கைகளைப் பார்த்தேன். இறால் முள் கீறிக் கீறி, உள்ளங்கை முழுக்கக் கோடு.

மறுநாள் சிதம்பரத்தில் சந்நிதியில் நிற்கும்போது, கும்பிட்ட என் கண்ணுக்குள் அந்தக் கைகள்தான் வந்தன. ஊர் திரும்பியதும் பார்த்தால், வேனின் இரண்டு பக்கமும் முன்னாலிருந்து பின்னால் வரை காய்ந்த சேற்றுக் கைகள். மாமா கழுவ விடவில்லை. அடுத்த மழைதான் கழுவியது.

இப்போது நான் ரிவர்ஸ் எடுப்பேன். பின்னால் பார்க்கக் கேமரா வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தேவைப்படவில்லை. நான் கியரைப் போட்டதும் மாமா வேலை செய்கிற தன் இடது கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுக் கதவைத் தட்ட ஆரம்பிப்பார். அந்தச் சத்தம் கேட்கிறவரை எனக்குப் பின்னாலும் வழி இருக்கிறது.