பந்தில் நின்றுவிடும் கை

கோல்ஃப் என்றதும் சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். போடி ஜீப் ஸ்டாண்டில் என்னைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் மலைமேல் இருக்கும் கிளப்பில் பெரிய மனிதர்களின் மட்டைப் பையைத் தூக்குவேன். மற்ற நாள்களில் ஏலத்தோட்டத்தில் களை வெட்டு. திங்கட்கிழமை மட்டும் பை தூக்குகிறவர்கள் விளையாடிக்கொள்ளலாம் என்பது கிளப் வழக்கம். பன்னிரண்டு வருஷத் திங்கட்கிழமைகளில் நானாகவே கற்றுக்கொண்ட ஆட்டம் அது.

அந்த வருஷம் கிளப் பயிற்சியாளருக்கு ஒரு உதவியாள் தேவைப்பட்டது. நிரந்தர வேலை, மேலேயே ஒரு வீடு. விடியுமுன் ஜீப்பில் பதினைந்து பேரோடு பிதுங்கிக்கொண்டு மலையேற வேண்டாம். தேர்வு ஒன்றுதான்: மொத்தம் நாற்பது அடிக்குள் ஒன்பது குழியிலும் பந்தைப் போட்டு முடிக்க வேண்டும். முடித்தால் வேலை எனக்கு. முடிக்காவிட்டால் கொச்சியிலிருந்து சர்டிபிகேட்டோடு ஒருவன் வரக் காத்திருந்தான். எனக்கு நாற்பத்தொரு வயது. இன்னொரு தடவை என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை.

நான் எப்படி ஆடினாலும் நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து என்றுதான் வரும். பந்து நேராகக் கிளம்பும். பாதி வழியில் வலது பக்கம் வளைந்து காட்டுக்குள் போய் விழும். தூரமும் போகாது. பயிற்சியாளர் தொடுபுழைக்காரர், தங்கமான மனிதர். நூறு தடவை சொல்லிவிட்டார். "கை நிக்கிது, கேட்டோ. பந்தைத் தொட்டதும் நிக்கிது. மட்டையோட தலை கையை முந்திப் போகணும். ரிலீஸ் பண்ணு. விட்டுரு."

விட்டுருவாம்! விடாமல் நான் என்ன அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டா நிற்கிறேன்? செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. பிடியைத் தளர்த்தினேன். வலது கையை இடது கைக்கு மேல் புரட்டினேன். பந்தில்லாமல் வீசினால் எல்லாம் அழகாக வந்தது. பந்தை வைத்த மாத்திரத்தில் கை நின்றது. ஒரு நாள் ஆத்திரத்தில் மட்டையைத் தூக்கிப் புல்லில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்துத் துடைத்தேன்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை தோட்டத்தில் காய் எடுப்பு இல்லையென்று என் மனைவி கிளப் வேலியோரம் வந்து உட்கார்ந்தாள். தாய்மாமன் மகள். மச்சான் என்று கூப்பிடுவாள், மரியாதை அதோடு சரி. நான் பத்துப் பந்து அடித்தேன். பத்தும் வலது பக்கம்.

"மச்சான், அங்க என்ன சரமா கெடக்கு?"

"எங்கடி?"

"பந்துக்கு முன்னால. களை வெட்டுறப்ப சரத்துல பட்டுரும்னு கத்தியை வெடுக்குனு நிறுத்துவேல்ல, அதே மாதிரில்ல இங்கயும் நிறுத்துற."

அவள் சொன்னது சரிதான். ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும், பூவும் காயும் அதில்தான். களை வெட்டுகிறவன் புல் அறுந்த கணத்திலேயே கத்தியை நிறுத்தியாக வேண்டும். ஒரு சாண் அதிகம் போனால் சரம் போச்சு. பதினாறு வயதிலிருந்து நான் நிறுத்தி நிறுத்திப் பழகிய கை இது. பயிற்சியாளர் களை வெட்டியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

அன்று முதல் வேலை முடிந்து கீழே இறங்கியதும் ராசிங்காபுரம் ரோட்டோரம் சரமும் இல்லாத, செடியும் இல்லாத வெறும் புல்லில் அதே கத்தியை வீசினேன். நிறுத்தாமல் தோளுக்கு மேலே ஓடவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை மட்டையை எடுத்தபோது பாதிப் பந்துகள் நேராகப் போயின. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்க்கத் தோன்றவில்லை. நேராகப் போகிறதே, அது போதாதா!

சனியன் இரண்டு நாள் கழித்துப் பிடித்தது. தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். நினைப்பெல்லாம் தேர்வில் இருந்தது. கத்தி ஓடிவிட்டது. நான் சுதாரித்துக் குனிந்து பார்ப்பதற்குள் மூன்று தூர்களின் சரம் அறுந்து கிடந்தது, பூவும் பிஞ்சுமாக.

கங்காணி வந்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இருவத்தஞ்சு வருசமா வெட்டுற கை இது. வேணும்னே செஞ்சியா மாப்ளே?"

"இல்லண்ணே, கை தவறிருச்சு."

"ஒன்னுன்னா தவறிருச்சுங்கலாம். மூணுல்ல கெடக்கு. கத்தியை வச்சுட்டு எறங்கு. இனி இந்தக் காட்டுப் பக்கம் வராத."

பக்கத்து வரிசையில் காய் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி எல்லாவற்றையும் பார்த்தாள்.  சாயங்காலம் ஜீப்பில் போடி வந்து இறங்கியதும் கேட்டாள். "அந்த வேலையை வாங்கிருவேல்ல?"

"வாங்கிருவேன்," என்றேன்.

தேர்வன்று மேலே மூடுபனி. பயிற்சியாளர் அட்டையும் பேனாவுமாக என்னோடு நடந்தார். எட்டுக் குழிகள் வரை கை பாதி நின்றது, பாதி ஓடியது. நல்லவேளை, கிட்டத்தில் உருட்டும் அடிகள் கைகொடுத்தன. முப்பத்தேழு அடியில் எட்டும் முடிந்தது. மிச்சம் ஒரே குழி. குழியில் நட்ட கொடி பக்கத்தில் பந்தை ஒரே அடியில் சேர்த்துவிடக்கூடிய, தூரம் குறைந்த குழி. மூன்றில் முடித்தால் வேலை, வீடு எல்லாம் என்னுடையது.

அந்த இடத்திலிருந்து பன்னிரண்டு வருஷமாக நான் எடுப்பது ஐந்தாம் நம்பர் மட்டை. நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும்; நின்றுவிடுகிற என் கைக்கு ஐந்து இருந்தால்தான் எட்டும். யோசிக்காமல் அதையே உருவினேன். மூச்சை இழுத்து விட்டு வீசினேன்.

கை நிற்கவில்லை. மட்டையின் தலை கையை முந்திக்கொண்டு பறந்தது, தோளுக்கு மேலே போய்த்தான் ஓய்ந்தது. பட்டதே தெரியவில்லை. பந்து கொடியைப் பார்த்து அம்பு மாதிரி கிளம்பியது.

"எந்தொரு அடியாடா!" என்று பயிற்சியாளர் தன்னை மறந்து கத்தினார்.

பந்து கொடிக்கு மேலேயே போனது. போய்க்கொண்டே இருந்தது. புல்தரையைத் தாண்டிப் பின்பக்கச் சரிவில் விழுந்து உருண்டது. என் வாழ்நாளிலேயே நான் அடித்த ஆகச் சிறந்த அடி அது. நிற்காத கைக்கு ஏழாம் நம்பர் போதும் என்று எனக்கு உறைத்தபோது காரியம் முடிந்திருந்தது.

சரிவிலிருந்து தட்டி மேலே ஏற்றினேன். குழிக்கு நாலடி. உருட்டினேன். பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வந்து வெளியே நின்றது. அடுத்ததில் உள்ளே தள்ளினேன். நாற்பத்தொன்று. பயிற்சியாளர் அட்டையில் எழுதி என்னிடம் நீட்டினார்.

மனைவிக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் இருந்தாள்.

"மட்டை ஓடுச்சா மச்சான்?"

"ஓடிருச்சுடி. ரொம்ப நல்லா ஓடிருச்சு."

"அப்ப வேலை நமக்குத்தான?"

"ஒரு அடி கூடிப்போச்சு."

அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "கங்காணி இங்கதான் நிக்கிறாரு. கால்ல விழுந்தாவது கேக்குறேன். நாளைக்கே உன்னைத் திரும்பக் களை வெட்டச் சேத்துக்கச் சொல்லட்டுமா?"

"கேக்காத," என்றேன். "இனிமே இந்தக் கை நிக்காது."