புழுவுக்குக் கிண்டிய அகார்-அகார்

புழுவுக்குச் சமைச்சுப் போட்டுச் சம்பளம் வாங்கினவ நான். சிரிக்காதீங்க. வெள்ளைக்காரன் ஆண்ட அவசரகாலத்துல ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல மரம் வெட்டிப் பால் எடுத்துக்கிட்டிருந்தேன். எனக்கு வாய்ச்சது காட்டோர மர நிரை. காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட்டு, ரோட்டுல பட்டாளம், நடுவுல வாளியோட நான். அப்போ, ரப்பர் மரத்தடியில படரவிட்ட கொடியைத் தின்னு தீர்க்கிற புழுவை வளர்த்துப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பூச்சித் துரைன்னு பேர் வச்சோம். அவர் புழு வளர்க்கிற கூடத்துக்கு ஆள் கேட்டதும் முந்திக்கிட்டேன்.

பச்சைப்பயறு மாவு, சீனி, ஈஸ்ட், அகார்-அகார்ங்கிற கடல்பாசி எல்லாம் சேர்த்துக் காய்ச்சித் தட்டுல ஊத்தணும். அதுதான் புழுவுக்குச் சாப்பாடு. ஆனா சாப்பாட்டுச் சாமான் எதையும் குடியிருப்பைச் சுத்தின முள்வேலிக்கு வெளியே வைக்கக் கூடாது, காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குப் போயிடுமாம். அதனால வேலிக்குள்ள காய்ச்சி, பர்மிட்டைக் காட்டி வெளியே கூடத்துக்குத் தூக்கிட்டுப் போவேன்.

கேட்டுல துப்பாக்கியோட காவலுக்கு ஒரு லுக்குட் ஊர்க்காரர், பெரிய மீசை. "புழுவுக்கா காட்டுக்காரனுக்கா, ருசி பார்த்தாத்தானே தெரியும், தங்கச்சி"ன்னு கரண்டியை விடுவார். தினமும் சந்தேகம், தினமும் அரைத் தட்டு. துப்பாக்கிக்காரர்கிட்ட வாய் குடுக்க முடியுமா? எரிச்சலை அடக்கிக்கிட்டு நிப்பேன்.

பசியில புழு ஒண்ணையொண்ணு தின்ன ஆரம்பிச்சுது. துரை எண்ணிப் பார்த்துட்டு, "இன்னும் கொறைஞ்சா நீ மரம் வெட்டப் போ" அப்படின்னுட்டார்.

மறுநாள் கூடத்துலேர்ந்து கொழுத்த புழுவா மூணு எடுத்து, ஆறின கட்டிக்குள்ள சொருகி மேலே வழிச்சு மூடினேன். கேட்டுல நானே தட்டை நீட்டினேன்.

"சாப்பிடுங்கண்ணே."

ரெண்டு கரண்டி உள்ளே போச்சு. மூணாவது கரண்டியில புழு ஒண்ணு மீசையில நெளிஞ்சுது. அண்ணன் வேலியோரமாப் போய்க் குனிஞ்சுக்கிட்டார்.

சாயங்காலம் துரைகிட்ட புகார். தொலைஞ்சோம்னு நின்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எத்தனை புழு?"

"மூணு, துரை."

நோட்டுல ஏதோ எழுதினார். அப்புறம் ஆபீசுக் கணக்கு எழுதுற கிராணி அதைப் படிச்சுச் சொன்னார்: மூன்று புழு, பெரிய மிருகம் தின்றது.

அதோட சோதனை நின்னுது. தட்டைப் பார்த்தாலே அண்ணன் வேற பக்கம் திரும்பிக்குவார். புழுவெல்லாம் தளதளன்னு வளர்ந்துச்சு, காட்டோர நிரைக்கு நான் திரும்பவே இல்லை. கேட்டைத் தாண்டினதும் நானும் ருசி பார்ப்பேன்தான். ஒரே ஒரு கரண்டி. அதுக்கு மேல தின்னுட்டு மரம் வெட்டப் போக எனக்கென்ன பைத்தியமா?