அத்தைக்கு நான் சொன்ன கதை

திரும்பத் திரும்பப் பார்க்கத் தகுந்தது எது என்று என்னைக் கேட்டால், ஒரு சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தைத்தான் சொல்வேன். அப்படியொன்று வந்ததா என்பார்கள். வந்த காலத்திலும் அதை யாரும் மதிக்கவில்லை. கொடகவெல பக்கத்தில் எங்கள் றப்பர் தோட்டத்தில், கார் பெட்டரியில் ஓடும் எங்கள் டிவிக்கு முன்னால் தமிழ்ப் படம் போடும் நாளில் உட்கார இடமிருக்காது. ஞாயிறு மாலை இந்த நாடகம் தொடங்கினால், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயமே எழுந்து போய்விடும். சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் இறைப்பதையே ஐந்து நிமிடம் காட்டுவார்கள். கடைசிவரை உட்கார்ந்திருப்பது அத்தையும் நானும்தான்.

அத்தை என் மாமாவின் மனைவி. ஹட்டன் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, சிங்களம் தெரியாது. எனக்கு ஒன்பது வயது. கீழே கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடியே சிங்களம் பழகியிருந்தேன். அதனால் நாடகத்தை அத்தைக்குத் தமிழில் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அதில் எனக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

மாமா கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தார். வாரம் ஒரு கடிதம் வரும். நாடகம் தொடங்கிய கொஞ்ச நாளில் கடிதம் நின்றது. கொழும்பில் தமிழ் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பா போய்த் தேடிவிட்டு வந்தார். மத்தியானம் சாப்பிடப் போனவர் திரும்பவில்லை என்றார்களாம் கடையில். அவ்வளவுதான் சேதி.

நாடகத்திலும் புருஷன் நகரத்துக்கு வேலைக்குப் போயிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் லொறியில் அடிபட்டுச் செத்துப்போனான் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

"என்னா பாப்பா சொல்றாரு?" என்று அத்தை கேட்டார்.

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். "அவருக்குச் சின்னக் காயமாம் அத்தை. ஆஸ்பத்திரியில இருக்காராம்."

அடுத்த காட்சியில் சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி தெரு முழுக்க, எல்லோரும் வெள்ளை உடுப்பு.

"பன்சலையில, அவங்க புத்தர் கோயில்ல, திருவிழா," என்றேன்.

"அவ ஏன் அழுவுறா?"

"அவரு இல்லாம திருவிழா பாக்கிறாங்கல்ல, அதான்."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார்.

அதன்பிறகு எனக்கு நிம்மதியில்லை. ஞாயிறு வந்தால் அத்தையின் முதல் கேள்வியே, "அவருக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்பதுதான். நான் செத்தவனுக்குக் கட்டுப் பிரித்தேன், கஞ்சி குடிக்க வைத்தேன், வீட்டுக்குக் கடிதம் எழுத வைத்தேன். திரையில் அந்தப் பெண் தனியாக வயலில் இறங்கி நட்டுக்கொண்டிருக்க, புருஷன் தேறி வருகிறான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன சொல்வது என்று சனிக்கிழமையே யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

நாடகம் முடிந்து சில நாளில், ஒரு மழை மத்தியானம், மாமா ரோட்டிலிருந்து நடந்தே ஏறி வந்தார். பாதியாக இளைத்திருந்தார். அன்றைக்கு அடையாள அட்டையைக் கடையில் வைத்துவிட்டுப் போனதில் பொலிஸ்காரர்கள் பிடித்து, இத்தனை மாதம் உள்ளே வைத்திருந்துவிட்டு விட்டிருக்கிறார்கள். அம்மா ஓவென்று அழுதார். றப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த அத்தை வாளியைக் கீழே வைத்தார், ஈரத்தலையோடு நின்ற மாமாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார், உள்ளே போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினார். ஊதி ஊதி மூட்டினார். அடுப்பு பற்றிய பிறகும் ஊதிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். அத்தை மாமாவையும் பக்கத்தில் உட்காரவைத்தார். மாமாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. இனி நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். லொறி அடித்த வாரம் வந்தது. என் குரலே எனக்குக் கேட்காத மாதிரி, ஆஸ்பத்திரி என்றேன்.

"என்னா பாப்பா, ஆளு செத்துட்டான்னுல்ல சொல்றாங்க?" என்றார் மாமா.

"தெரியுங்க," என்றார் அத்தை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு அப்பவே தெரியும். பாப்பா சொல்ற கதை வேற. பேசாம கேளுங்க."

மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். திட்டு விழவில்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. மிச்சக் கதையை முன்னைவிட நன்றாகவே சொன்னேன்.

தெரிந்துகொண்டே வாரா வாரம் என்னிடம் ஏன் கேட்டார் என்பது மட்டும் அன்று விளங்கவில்லை. அத்தைக்குச் சிங்களம் அரைகுறைதானே, சந்தேகம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.