நெடுந்தோட்டுக்கரையின் பாலம்

குட்டநாட்டு நெடுந்தோட்டுக்கரையில் கிராமசபை கூடுகிறது என்றால் தங்கமணிக்கு மூன்று நாள் சோறு இறங்காது. அயல்கூட்டம் என்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவின் செயலாளர் அவள். தோணியில் வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிடுவது அவள் பொறுப்பு. எட்டு வருஷமாக ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்விதான்.

"இந்தத் தடவை என்ன சேச்சி தர்றாங்க? ஆடா, கோழியா?"

"ஒண்ணும் தரலை. ஊருக்கு என்ன வேணும்னு வந்து சொல்லுங்க."

"அதை நீங்களே சொல்லிடுங்களேன்."

வருகிறவர்களும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துவிட்டுப் படியிறங்கிவிடுவார்கள். மிஞ்சிய நாலைந்து பேர் அரைமணி நேரத்தில் திட்டம் எழுதி முடிப்பார்கள். அப்படித்தான் போன வருஷம் படகுக்குக் காத்திருக்க ஒரு நிழற்குடை வந்தது. படகே நிற்காத இடத்தில்.

வாத்து வளர்க்கும் வறுகீஸ் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "எந்த மடையன் கேட்டு இதைக் கட்டுனீங்க சேச்சி?"

தங்கமணி விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டோடு திரும்பி வந்தாள். "பதினேழாவது கையெழுத்து, பி.டி. வறுகீஸ்" என்று உரக்க வாசித்தாள். கடையே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷம் வாசகசாலையில் நூற்றிருபது பேர் கூடியதும் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பேசி முடிச்சாத்தான் கையெழுத்து!"

"வம்பு பண்ணாதே தங்கம்" என்று முணுமுணுத்தார் வார்டு மெம்பர் பார்கவன்.

ஊரைப் பிரிக்கும் வாய்க்காலான தோட்டின் குறுக்கே நடைபாலம் வேண்டும் என்பதில் சண்டையில்லை. எங்கே என்பதில்தான். ஆளாளுக்குத் தன் வாசலைக் காட்டினார்கள்.

"பக்கத்து வீட்டு வாசல்ல பாலம் வந்தா உங்க காலு அதுல ஏறாதா?" தங்கமணி கத்தியே விட்டாள்.

அப்போது மோளி எழுந்தாள். "போன மழையில நடக்க முடியாத என் வீட்டுக்காரரை நாற்காலியோட தூக்கித் தோணியில வெச்சோம். படி வெச்ச பாலம்னா எனக்கு வேண்டாம். சாய்வா இருக்கணும்."

தோட்டோரம் வீடும் தென்னையும் உள்ள குரியாக்கோஸ் எழுந்தார். "என் பக்கம் தோடு குறுகல். மூணு தென்னை போகும், போகட்டும். ஆனா தோணித்துறையை மறைக்கக் கூடாது."

"மறைக்காம எப்படிக் கட்டறது?" என்றான் வறுகீஸ்.

"வா, வந்து பாரு!"

கூட்டம் மொத்தமும் மழையில் இறங்கிப் போயிற்று. கயிறு பிடித்து அளந்தார்கள், கத்தினார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பதிவேடு வெறுமையாக இருந்தது.

"ஒரு கையெழுத்தும் இல்லை" என்றார் பார்கவன். "சட்டப்படி இன்னைக்குக் கூட்டமே நடக்கலை."

தங்கமணி தலையில் அடித்துக்கொண்டாள். எட்டு வருஷத்தில் முதல்முறையாக ஊர் வாய் திறந்தது, அதற்குச் சாட்சியில்லை! போதிய கையெழுத்து இல்லாமல் ஒத்திவைத்த கூட்டம் மறுபடி கூடும்போது ஐம்பது பேர் போதும். மறுபடி தோணி, மறுபடி வாசல்கள்.

"அதான் பேசியாச்சே சேச்சி!"

"பேசினதை எழுதணும். வந்து தொலைங்க!"

திட்டிக்கொண்டே அறுபத்தொரு பேர் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் குரியாக்கோஸின் துறைக்குப் பக்கத்தில் பாலம் நின்றது, சாய்வாக. மோளி தன் கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். வறுகீஸ் கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் உசரமா வெச்சிருக்கலாம்" என்றான்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம். வந்து சொல்லு" என்றாள் தங்கமணி பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் வரவில்லை. மோளி வந்தாள், கைப்பிடியைப் பற்றியும் அவளே பேசினாள்.