வற்றிய கன்னம்

என் மகளின் முகம் எந்த மாதத்தில் வற்றத் தொடங்கியது? தினமும் அந்த முகத்துக்குப் பவுடர் போட்டுப் பொட்டு வைத்தவள் நான். இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிறந்தநாள்தோறும் தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுப்போம். ஐந்து வயதுப் படத்தில் கன்னம் உப்பலாக இருக்கிறது. ஆறில் கொஞ்சம் இறக்கம். வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தேன். ஏழில் கண்ணுக்குக் கீழே குழி, வாயோரம் கோடு.

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருக்குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டே விட்டாள்: "இன்னாக்கா, கொயந்தைக்குச் சோறு போடறியா இல்லியா? மூஞ்சி கெழவி மாதிரி கீதே!"

அன்றிலிருந்து ஊட்டினேன். நெய், முட்டை, சத்துமாவுக் கஞ்சி. அவள் குமட்டினாலும் விடவில்லை. "இன்னும் ரெண்டு வாய். கன்னம் வந்துடும்டி" என்பேன். பாவாடை இடுப்பில் இறுகியது, தொடை பருத்தது. முகம் மட்டும் இன்னும் ஒட்டிப்போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தோல் மட்டுமே வந்தது. மகளை என் கணவரோடு வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்: "முகத்துல கொழுப்பு ஒரே படலமா இல்லம்மா. கண்ணுக்குக் கீழ, கன்னத்துல, தாடையில தனித்தனிப் பொதியா இருக்கு. வயசானா நமக்கெல்லாம் அது ஒண்ணொண்ணா சுருங்கும், சரியும். முகம் கிழடு தட்டறதுக்கு அதுவும் ஒரு காரணம். இவளுக்கு இப்பவே கரைஞ்சுடுச்சு. அபூர்வமா சில பிள்ளைங்களுக்கு வர்ற நோய் இது."

"நான் சரியா ஊட்டலையா டாக்டர்?"

"நீங்க ஊட்டறது இடுப்புல, தொடையிலதான் சேரும். முகத்துல போனது திரும்பாது. தோள், கைன்னு கீழயும் கரைஞ்சுட்டே இறங்கலாம். சில பேருக்குப் பின்னாடி கிட்னியும் கெடும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை யூரின் பாருங்க. கண்ணிமை வீங்கினா உடனே கூட்டிட்டு வாங்க."

இதுவரை இரண்டு முறை பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் காலையில் அவள் இமைகளைக் குனிந்து பார்க்காமல் நான் எழுப்புவதில்லை. நேற்று குளிப்பாட்டும்போது தோள்பட்டை எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. முன்பும் இப்படித்தான் இருந்ததா?

இப்போது நான் ஊட்டுவதில்லை. அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். போன வாரம் நான்காவது இட்லியை விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்து இறக்கினாள். "போதும்டி" என்றேன்.

"நீதானேம்மா சொன்னே, சாப்பிட்டா கன்னம் வரும்னு? ஸ்கூல் ஆண்டுவிழாக்குள்ள வந்துடுமா?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எட்டு வயதுப் பிள்ளையிடம் வராது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் எத்தனை நாள் தள்ளுவது? இப்படியொரு பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.