குஞ்சுகள் ஒதுங்கிய பக்கம்

கள்ளக்குறிச்சியில் என் வீட்டு அலமாரியில் ஒரு பலகை இருக்கிறது. அதில் இரண்டு ஹோல்டர்கள். ஒன்றில் நூறு வாட் பல்பு, மற்றதில் நாற்பது. கரியாலூரில் குடியிருந்த என் நாத்தனாரின் கோழிக்குஞ்சுக் கூண்டில் தொங்கிய பலகை அது; ஊர் மாறும்போது அவள் என்னிடம் கொடுத்தது. மலைக் குளிரில் குஞ்சுகளுக்கு அந்த பல்புகள்தான் தாய்ச்சூடு.

முந்தைய ஈட்டுக் குஞ்சுகள் எல்லாம் செத்துப்போயிருந்தன. மின்சாரம் எகிறியதில் ஒற்றை பல்பு ஃபியூஸ் ஆகி, யாரும் கவனிக்கவில்லை. இதுவும் போனால் கூண்டை அடுப்பில் வைத்துவிடுவதாக அவள் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நாங்கள் அங்கே போயிருந்தபோது, தங்கைக்காக என் கணவர் ஒரு யோசனை செய்தார். இரண்டு பல்புகளையும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்தார்.

“கரண்ட்டு பாதி பாதியா பிரிஞ்சிடும் பாப்பா. இனிமே ஃபியூஸே போவாது.”

சுவிட்சைப் போட்டதும் நாற்பது வாட் பளிச்சென்று எரிந்தது. நூறு வாட்டில் இழை மட்டும் மங்கலாகச் சிவந்தது.

“ஏண்ணா, நூறு வாட்டு வாங்கினு வந்தியா, மின்மினிப்பூச்சி புடிச்சினு வந்தியா? நல்லா பிரிச்ச போ, சின்னவனுக்கே சொத்தெல்லாம்!” என்றாள் நாத்தனார்.

சிரித்தாலும் அவள் கண் கூண்டுக்குள்ளேயே இருந்தது. குஞ்சுகள் அத்தனையும் சின்ன பல்புக்கு அடியில் குவிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அடியில் இருந்தவை நசுங்கிக் கத்தின.

பள்ளியில் இயற்பியல் சொல்லித்தரும் எனக்கு இந்தப் பாடம் மனப்பாடம். ஆனால் ஓர் உயிர் அதன்படி நடப்பதை அன்றுதான் பார்த்தேன். பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து வைத்தேன். சின்ன பல்பின் இரு முனைகளுக்கிடையே 186 வோல்ட். பெரியதில் வெறும் 40. கூட்டினால் 226, வீட்டுக்கு வரும் மொத்தமும் அதுவே. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். சின்ன பல்பின் இழை அதிகம் தடுப்பதால் வோல்ட்டில் பெரும்பங்கு அதற்கே போகிறது. குஞ்சுகள் மீட்டர் இல்லாமலே அதைக் கண்டுபிடித்திருந்தன.

கம்பியைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வழி கிடைக்கும்படி இரண்டையும் பக்கஇணைப்பில் மாட்டினேன். இப்போது இரண்டிலும் அதே 226. பெரிய பல்பும் முழுதாக எரிந்தது. குவியல் மெல்லக் கலைந்து, குஞ்சுகள் உமிமேல் பரவின.

“திரும்ப ஃபியூஸ் போச்சுன்னா?” என்றார் கணவர், விட்டுக்கொடுக்காமல்.

“ஒண்ணு போனா இன்னொண்ணும் அணைஞ்சிடுமா அண்ணி?” என்று கேட்டாள் அவள்.

நான் பெரிய பல்பைக் கழற்றிக் காட்டினேன். சின்னது கொஞ்சமும் மங்கவில்லை.

“அப்ப சரிங்க அண்ணி. ரெண்டும் ஒரே நேரத்துல போவாதில்ல.”

மார்கழியில் போன் வந்தது. “பெரிய பல்பு போயிடுச்சு அண்ணி. குஞ்சுங்க எல்லாம் சின்னதாண்ட வந்து நிக்குதுங்க. வளந்துடுச்சுங்கல்ல, ஏறி மிதிக்கல. எல்லாம் உசுரோட கீது.” பின்னால் அவள் வீட்டுக்காரர் யாரிடமோ கூண்டுக்குப் புதுக் கதவு வேண்டுமென்று பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

நேற்று பாடத்துக்காகப் பலகையை இறக்கி, புது நூறு வாட் மாட்டி, பழையபடி வரிசையாகக் கோத்து, சுவிட்சைப் போட்டேன். மீட்டர் மேசைமேல் தயாராக இருந்தது. அதை எடுக்குமுன் என் கை தானாகச் சின்ன பல்புக்கு அடியில் போய், சூடு பார்த்தது.