முதல் நாளே முடிந்த கூட்டம்

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

பதில் அதிபர், அதாவது இன்னும் நிரந்தரமாகாத தலைமை ஆசிரியர். நாங்கள் அவரை ரீச்சர் என்று கூப்பிடுவோம்.

வெளிநாட்டுப் பேராசிரியை ஒருவர். நல்ல உயரம். காலை நீட்டினால் முன்னால் இருக்கும் கதிரையில் முட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அவருடன் வந்த விரிவுரையாளர். எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் அவர்.

நண்டு வலைக்காரர் ஒருவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர்.

புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர். மூன்று பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள்.

மற்றப் பெற்றோர் இருபத்தொன்பது பேர். கைக்குழந்தைகளை எண்ணவில்லை.

படகோட்டி. அவர் பிறகுதான் வந்தார்.

நான். மணி அடிப்பது, படலை திறப்பது, கூட்டுவது, தேநீர் போடுவது என் வேலை. அன்று தட்டத்துடன் கதவடியில் நின்றேன்.

அனலைதீவில் எங்கள் பள்ளிக்கூடம். கூட்டம் காலை பத்து மணிக்கு.

அது வெறும் பெற்றோர் கூட்டம் அல்ல. இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து ஒரு படிப்பு நடத்துகின்றன. ஆசிரியருக்கு ஒரு பிரிவு. பள்ளிக்கூடம் நடத்துபவருக்கு ஒரு பிரிவு. பல்கலைக்கழகத்தையே நடத்துபவர்களுக்கும் ஒரு பிரிவு இருக்கிறதாம். அவர்களும் படிக்க வேண்டுமா என்று ரீச்சரைக் கேட்டேன். அவர்கள்தான் கட்டாயம் படிக்க வேண்டும் என்றார்.

ரீச்சர் இரண்டாவது பிரிவில் சேர்ந்தார். இரண்டு வருடம். சனிக்கிழமை முதல் படகில் ஊர்காவற்றுறைக்குப் போய், பேருந்து பிடித்து யாழ்ப்பாணம். பின்னேரம் கடைசிப் படகில் திரும்புவார். கடல் கொந்தளிக்கும் சோழகக் காற்றுக் காலத்தில் நனைந்த கொப்பிகளை என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயப்போட்டிருக்கிறேன். ஒரு கொப்பி கொஞ்சம் கருகியும் போனது. அடுத்த கிழமையும் அவர் கொப்பிகளை என்னிடமே தந்தார்.

படிப்பில் சித்தியடைந்தால் பதில் என்ற சொல் எடுபட்டுவிடும். இங்கேயே நிரந்தர அதிபர். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரைப் போடுவார்கள். முன்பு அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை வருவார்கள். வியாழக்கிழமை மத்தியானம் இறங்குதுறையில் நிற்பார்கள். ஒருவர் சப்பாத்தைக் கழற்றியதையே நான் காணவில்லை.

எழுத்துப் பரீட்சை முடிந்துவிட்டது. கடைசியாக ஒன்று மிச்சம். ரீச்சர் நடத்தும் பெற்றோர் கூட்டம் ஒன்றை நேரில் வந்து பார்த்துப் புள்ளி போடுவார்கள். நூற்றுக்கு அறுபத்தைந்து எடுக்க வேண்டும். படிவத்தை ரீச்சர் எனக்குக் காட்டினார். பல கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு மட்டும் இருபத்தைந்து புள்ளி. கருத்து வேறுபாட்டைக் கையாளும் விதம் என்று போட்டிருந்தது.

"இதுதான் அக்கா எனக்குப் பயம். சனம் அடிபடத் துவங்கினா என்னாலை ஏலுமோ தெரியாது."

"ஏலும். மணிப் பிரச்சினை கிடக்கு. கட்டாயம் அடிபடுவினம்" என்றேன்.

மணிப் பிரச்சினை இதுதான். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆசிரியர்களின் படகு எட்டுக்குத்தான் வரும். வலைக்காரர்கள் விடிய வந்து, பிள்ளையை அனுப்பிவிட்டுப் படுப்பவர்கள். அவர்களுக்கு மணி முந்த வேண்டும். தோட்டக்காரர்களுக்கு விடியத் தண்ணீர் இறைக்கும்போது வாய்க்காலை மாற்றிவிட ஒரு பிள்ளை வேண்டும். அவர்களுக்கு மணி பிந்த வேண்டும். இரண்டு வருடமாக இந்தக் கதை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கதிரையாவது விழும்.

கூட்டத்துக்கு முதல் நாள் சீனியும் பால்மாவும் எடுக்க இறங்குதுறைக்குப் போனேன். கொட்டகைக்குள் சனம் நின்று கத்திக்கொண்டிருந்தது. வலை விஷயமாக்கும் என்று வந்துவிட்டேன்.

அடுத்த நாள் எல்லாரும் பத்துக்கு முன்னமே வந்து இருந்தார்கள். தோய்ந்து, உடுப்பு மாற்றி, கோயிலில் இருப்பதுபோல் இருந்தார்கள். ரீச்சர் தண்ணீர்த் தாங்கி விஷயம் சொன்னார். ஓம் என்றார்கள். விளையாட்டுப் போட்டி பற்றிச் சொன்னார். ஓம். பிறகு மூச்சை இழுத்துவிட்டு மணி விஷயத்தை எடுத்தார்.

வலைக்காரர் எழும்பினார்.

"எட்டு மணி, ரீச்சர். எல்லாருக்கும் சம்மதம்."

தோட்டக்காரரும் எழும்பினார்.

"ஓம். அண்ணை சொன்னாச் சரி."

இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வலைக்காரரை நோக்கி அண்ணை என்ற சொல் வந்ததை நான் கேட்டதில்லை. ரீச்சருக்கும் அது அதிசயமாக இருந்திருக்க வேண்டும். படிவத்தைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார்.

ஒரு மணித்தியாலக் கூட்டம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வேறு கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று பேராசிரியை கேட்டார். விரிவுரையாளர் அதைத் தமிழில் சொன்னார். எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். முன்வரிசைத் தாய் ஒருவர் பேராசிரியையைப் பார்த்துச் சிரித்தார். பேராசிரியையும் சிரித்தார்.

விரிவுரையாளர் ரீச்சருக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். கதவடியில் நின்ற எனக்குக் கேட்டது.

"நல்ல கூட்டம், ரீச்சர். ஆனா இந்தப் பெரிய கட்டத்துக்கை நான் என்னத்தை எழுதுறது? ஒண்டும் நடக்கேல்லையே. வெறுமையா விட்டா சைபர்தான்."

"விளங்குது சேர்."

 ரீச்சர் தன்னிடம் இருந்த படிவத்தின் மூலையை மடித்தார், நிமிர்த்தினார், திரும்ப மடித்தார். சண்டை பிடியுங்கள் என்று சனத்திடம் கேட்க அவரால் முடியாது.

நான் தட்டத்தை மேசையில் வைத்தேன்.

"எட்டு மணிக்கு நான் அடிக்க மாட்டன்."

ரீச்சருக்காகத்தான் பேசினேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். பாதி உண்மை. மற்றப் பாதி, எனக்கு உண்மையாகவே கோபம்.

வலைக்காரர் திரும்பினார்.

"அக்கா, நீங்கள் தேத்தண்ணி குடுக்க வந்தனீங்கள்."

"குடுத்து முடிஞ்சுது. மணி ஆர் அடிக்கிறது?"

"நீங்கள்தான்."

"அப்ப என்னை ஆர் கேட்டது?"

"நேற்று அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கதைச்சு முடிச்சதை இண்டைக்கு ஏன் அக்கா கிளறுறியள்?"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது விளங்கியது.

ரீச்சர் கேட்டார். "நேற்றோ? நேற்று எங்கை கூட்டம்?"

வலைக்காரர் தோட்டக்காரரைப் பார்த்தார். தோட்டக்காரர் கூரையைப் பார்த்தார். பின்னால் இருந்த தாய் ஒருவர்தான் பதில் சொன்னார்.

"இறங்குதுறையிலை, ரீச்சர். உங்கடை நல்லதுக்குத்தான். வெளியாக்களுக்கு முன்னாலை நாங்கள் அடிபட்டா உங்களுக்குத்தானே கெட்ட பேர். அதாலை இருக்கிற சண்டையெல்லாம் நேற்றே பிடிச்சு முடிச்சிட்டம்."

"இரண்டரை மணித்தியாலம்" என்றார் தோட்டக்காரர். "அங்கை கதிரை இல்லை. அதாலை ஒண்டும் விழேல்லை."

விரிவுரையாளர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு வந்து நின்றுவிட்டார். மிச்சத்தைக் கேட்டதும் பேராசிரியை சிரித்த சிரிப்பில் முழங்கால் முன் கதிரையில் மோதியது. ஏதோ நீளமாகச் சொன்னார். விரிவுரையாளர் அதை எங்களுக்குச் சொன்னார்.

"அவையின்ரை பல்கலைக்கழகத்திலையும் இதுதான் வழக்கமாம். முதல் நாளே கோப்பி குடிக்கிற அறையிலை எல்லாம் கதைச்சு முடிஞ்சிடுமாம். கூட்டத்திலை எல்லாரும் ஓம் மட்டுந்தானாம். அதைப் பாத்து அலுத்துத்தான் இந்தப் படிப்பையே துவங்கினவவாம்."

"அப்ப நாங்கள் பல்கலைக்கழக மட்டத்திலைதான் நிக்கிறம்" என்றார் வலைக்காரர்.

ரீச்சர் சிரிக்கவில்லை. படிவத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து நடுவில் போட்டார்.

"அக்கா, உள்ளுக்கு வாங்கோ. இருங்கோ. ஏன் அடிக்க மாட்டியள் எண்டு சொல்லுங்கோ."

இருந்தேன். சொன்னேன்.

"ஆறேமுக்காலுக்குப் படலையிலை பதினொரு பிள்ளையள் நிக்குதுகள். தாய்மார் வலையிலை நண்டு கழற்றப் போனாப் பிள்ளையள் எங்கை போறது? நான் திறந்து விடுறனான். இப்ப முக்கால் மணித்தியாலம் நான் ஒருத்தி. எட்டாக்கினா ஒண்டேகால் மணித்தியாலம். நான் கூட்டுறதோ, தண்ணி நிரப்புறதோ, பிள்ளை பாக்கிறதோ? போன மாசம் ஒண்டு தண்ணித் தாங்கிக் கட்டு மேலையிருந்து விழுந்தது."

"ஆரின்ரை பிள்ளை?" என்றார் வலைக்காரர்.

"உங்கடை கடைசி."

"எனக்கு வீட்டு முற்றத்திலை விழுந்தனான் எண்டெல்லோ சொன்னவன்."

அதோடு தொடங்கியது. நண்டு கழற்றும் தாய்மார் ஒரு பக்கம். எட்டு மணிதான் முடிவு என்றவர்கள் ஒரு பக்கம். நேற்று இறங்குதுறைக்கு எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று சில பெண்கள் மூன்றாவது பக்கம். அந்த நேரம் பார்த்துப் படகோட்டி கதவடிக்கு வந்தார். காற்று ஏறப்போகிறது, விருந்தாளிகளை வெளிக்கிடச் சொல்ல வந்தவர். எட்டு மணி என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே வந்துவிட்டார்.

"நான் எட்டுக்கு வாறனான் எண்டு ஆர் சொன்னது? சோழகத்திலை எட்டேகால். என்னைக் கேட்டோ முடிவெடுத்தனியள்?"

"நேற்று நீரும் அங்கைதானே நிண்டனீர்" என்றார் வலைக்காரர்.

"நான் கயிறு கட்டிக்கொண்டு நிண்டனான்."

ஒரு கதிரை விழுந்தது. நான் அதைத் தூக்கப் போகவில்லை. விரிவுரையாளர் எழுதிக்கொண்டிருந்தார்.

ரீச்சர் மேசையில் தட்டினார். பலமாக இல்லை. மூன்று தரம்.

"எல்லாரும் கதைக்கலாம். ஒரு விதி. தன்ரை கதையைச் சொல்ல முதல் மற்ற ஆளின்ரை கதையைச் சொல்லோணும். அவர் சரி எண்டாப் பிறகுதான் தன்ரை கதை."

வலைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"நான் இவரின்ரை கதையைச் சொல்லுறதோ?"

"ஓம். செயலாளர்தானே. நீங்களே துவங்குங்கோ."

அவர் சாரத்தைச் சரிசெய்தார். தோட்டக்காரரைப் பார்க்காமல், கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார்.

"இவர் விடிய ஆறரைக்கு மிசின் போட்டா ஏழேகால் மட்டும் தண்ணி ஓடும். ஒரு ஆள் மிசினடியிலை நிக்கோணும். வாய்க்கால் மாத்த இன்னொரு ஆள் வேணும். மனிசிக்கு முழங்கால் வருத்தம். குனிய ஏலாது. அதாலை பெடியன்தான்."

"ஏழு இருபது மட்டும்" என்று தோட்டக்காரர் திருத்தினார். பிறகு கேட்டார். "மனிசியின்ரை முழங்கால் உமக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆசுப்பத்திரிக்கு என்ரை படகிலையெல்லோ கொண்டு போனது. மறந்து போச்சோ?"

 பிறகு தோட்டக்காரரின் முறை.

"இவர் இராமுழுக்கக் கடலிலை. வந்து பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்து அனுப்பிப்போட்டுத்தான் சரியலாம். எட்டு மட்டும் முழிச்சிருந்தா இவர் மனிசரில்லை, பேய்."

"இப்பவும் அப்பிடித்தான்" என்றார் வலைக்காரரின் மனைவி.

விதியை எல்லாருக்கும் ரீச்சர் வைத்தார். படகோட்டி என் கதையைச் சொல்ல வேண்டி வந்தது. நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். நான் காற்றைப் பற்றிச் சொன்னேன். "அக்கா வடிவாச் சொன்னா" என்றார் படகோட்டி.

முக்கால் மணித்தியாலம் போனது. முடிவு வந்தது. மணி ஏழேமுக்காலுக்கு. படலை ஆறேமுக்காலுக்குத் திறக்கும், என்னுடன் முறை வைத்து இரண்டு பெற்றோர் இருப்பார்கள். படகு வரும்வரை பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும். கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் உயர்த்தவில்லை. ரீச்சர் அவர்களையும் எழுப்பிக் காரணம் கேட்டு, அதையும் கூட்ட அறிக்கையில் எழுதச் சொன்னார்.

விரிவுரையாளர் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினார்.

சாப்பாட்டுக்கு நண்டுக் கறி. பேராசிரியை கையால் சாப்பிட்டார். நண்டுக்கால் உடைக்கத் தெரியவில்லை. வலைக்காரர் உடைத்துக் காட்டினார்.

"சேர், இதுக்கும் ஒரு கட்டம் இருக்கோ?"

"இருந்தா நீங்கள் சித்தியடைஞ்சிட்டியள்" என்றார் விரிவுரையாளர்.

படகு பிந்தித்தான் போனது. காற்று ஏறவில்லை. படகோட்டியிடம் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

முறைப் பட்டியல் அடுத்த திங்களே தொடங்கியது. முதல் முறை வலைக்காரருக்கு. வந்தார். கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டார். பிள்ளைகள் அவரைச் சுற்றிப் பேசாமல் இருந்தன. அன்று ஒன்றும் விழவில்லை. மற்ற முறைக்காரர் தோட்டக்காரரின் மனைவி. அவர் குனிய வேண்டியதில்லை. இருந்துகொண்டே எல்லாரையும் அடக்கினார்.

ஐந்தாவது கிழமை கடித உறை வந்தது. படகோட்டி தானே பள்ளிக்கூடம் வரை நடந்து வந்து தந்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தாராம், உள்ளே ஒன்றும் தெரியவில்லையாம். தந்தபிறகும் போகவில்லை. வலைக்காரரும் எங்கிருந்தோ வந்து படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரீச்சர் உறையை வாங்கினார். உடைக்கவில்லை.

"அக்கா, நீங்கள் பாருங்கோ."

"ரீச்சர்தான் உடைக்கோணும்."

"இல்லை அக்கா. நீங்கள் உடையுங்கோ."

உடைத்தேன். ஒரே தாள். கட்டம் கட்டமாக எண்கள். பெரிய கட்டத்தில் இருபத்திரண்டு. அது இல்லாமல் போயிருந்தால் அறுபத்தைந்து வந்திருக்காது. கீழே கோடு கிழித்துக் கூட்டியிருந்தது.

"எவ்வளவு அக்கா?"

அறுபத்தெட்டு.